ஐந்து பாக்ஸும் மனப்பாடம், மெட்டு மட்டும் வரவில்லை

கேள்வி, 4 பிப்ரவரி 2023

மைனர் பென்டடோனிக் என்னும் ஐந்து ஸ்வர ஸ்கேலைக் கிட்டாரில் விரல் வைத்து வாசிக்கும் ஐந்து வடிவங்கள், அதாவது ஐந்து பாக்ஸ்களும் எனக்குத் தலைகீழ்ப் பாடம். ஒன்றரை ஆண்டாகத் தினமும் அரை மணி நேரம் பேக்கிங் ட்ராக்கை (பின்னணி இசையை) போட்டுக் கிட்டாரில் சோலோ வாசித்து வருகிறேன். தப்பு ஸ்வரம் ஒன்றுகூட விழுவதில்லை. ஆனால் பதிவு செய்து கேட்டால், யாரோ மாடிப்படியில் ஏறி இறங்கும் சத்தம்தான் கேட்கிறது. இன்னும் சில ஸ்கேல்களைக் கற்றுக்கொண்டால் சரியாகுமா? அல்லது மனோதர்மம் (அந்தக் கணத்தில் தானாகப் புனைந்து வாசிப்பது) பிறவியிலேயே வாய்க்க வேண்டியதா?

4 பிப்ரவரி 2023

புதிய ஸ்கேல் எதுவும் வேண்டாம். முப்பத்தெட்டு வயதில் கிட்டாரைக் கையில் எடுத்து, அதே மாடிப்படியில் இரண்டு ஆண்டுகள் ஏறி இறங்கியவன் என்ற தகுதியில் சொல்கிறேன். வேகமாக ஓடும் ஸ்வரங்களைக் கேட்பவர் தனித்தனியாக நினைவில் வைத்துக்கொள்வதில்லை. வாக்கியம் எந்த ஸ்வரத்தில் வந்து நிற்கிறது, அந்நேரம் பின்னால் எந்தக் கார்டு (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு) ஒலிக்கிறது என்ற இரண்டும் சேர்ந்துதான் அவர் காதில் மெட்டாகத் தங்குகின்றன.

இதைச் சோதித்துப் பார்க்க எளிய வழி உண்டு. ஏ மைனர், எஃப், சி, ஜி என்று பாருக்கு (நான்கு பீட்டுக்கு) ஒரு கார்டாகச் சுழலும் ட்ராக்கை நிமிடத்துக்கு 60 பீட் வேகத்தில் போடுங்கள். ஒரு பார் நான்கு வினாடி, ஒரு சுற்று பதினாறு வினாடி. ஒவ்வொரு பாரின் முதல் பீட்டிலும் அந்தக் கார்டின் மூன்றாம் ஸ்வரத்தை (கார்டின் பெயர் ஸ்வரத்தை ஒன்று என்று வைத்து எண்ணினால் மூன்றாவதை) மட்டும் வாசித்துவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள்: ஏ மைனருக்கு சி, எஃபுக்கு சி, சி கார்டுக்கு ஈ, ஜிக்கு பி. பதினாறு வினாடிக்கு நான்கே ஸ்வரங்கள். ஒரு வாரம் இதை மட்டும் செய்தால் போதும்.

5 பிப்ரவரி 2023

மேலே எழுதியதில் பிழை. எஃப் கார்டின் மூன்றாம் ஸ்வரம் ஏ. சி அதன் ஐந்தாம் ஸ்வரம். எழுதும்போது கையில் கிட்டார் இல்லை என்பதைத் தவிர வேறு சமாதானம் இல்லை. சரியான வரிசை சி, ஏ, ஈ, பி. நீங்கள் வழக்கமாக உட்கார்ந்திருக்கும் ஐந்தாம் ஃப்ரெட் (கிட்டார் கழுத்தின் குறுக்கே உள்ள உலோகக் கட்டை) பாக்ஸை விட்டு நகராமலே இவற்றை வாசிக்கலாம்: முதல் கம்பியில் எட்டு, அதே கம்பியில் ஐந்து, இரண்டாம் கம்பியில் ஐந்து, மீண்டும் முதல் கம்பியில் ஏழு.

11 பிப்ரவரி 2023

அந்த ஏழாம் ஃப்ரெட்டில் உள்ள பி, நீங்கள் மனப்பாடம் செய்த பாக்ஸ்களில் ஒன்றில்கூட இல்லை என்பதைக் கவனித்தீர்களா? ஏ மைனர் பென்டடோனிக்கில் இருப்பவை ஏ, சி, டி, ஈ, ஜி; இல்லாதவை பி, எஃப். நம் கர்னாடக சங்கீதக் கணக்கில் ஏ-யை ஸட்ஜமாக (ஆதார ஸ்வரமாக) வைத்தால் அது சுத்த தன்யாசி ராகம். விடுபட்ட ரிஷபத்தையும் தைவதத்தையும் சேர்த்தால் நடபைரவி.

இந்த இரண்டும் இல்லாததால்தான் உங்களுக்குத் தப்பு ஸ்வரமே விழுவதில்லை. அடுத்தடுத்த ஃப்ரெட்டில் உரசிக்கொள்ளும் ஜோடிகள் பியும் சியும், ஈயும் எஃபும். பென்டடோனிக் ஒவ்வொரு ஜோடியிலும் ஒருவரை வீட்டை விட்டு அனுப்பிவிடுகிறது. வீட்டில் சண்டை இல்லை, பேச்சும் இல்லை. ஏ மைனர் எஃபாக மாறும்போது ஈ ஒரு ஃப்ரெட் ஏறி எஃப் ஆகிறது. சி கார்டு ஜியாக மாறும்போது சி ஒரு ஃப்ரெட் இறங்கி பி ஆகிறது. கார்டு மாறிவிட்டது என்று காதுக்குச் சொல்கிற ஸ்வரங்களையே விலக்கிவிட்டு வாசித்தால், பின்னால் நான்கு கார்டு சுற்றினாலும் ஒரே கார்டு ஒலித்தாலும் உங்கள் வாசிப்பு ஒன்றுபோலத்தான் இருக்கும்.

பென்டடோனிக்கை நான் திட்டவில்லை. ப்ளூஸ் கிட்டார் கலைஞர் பி.பி. கிங் ஒரு பாக்ஸில் நான்கைந்து ஸ்வரங்களை வைத்துக்கொண்டு, வைப்ராட்டோவாலும் (ஸ்வரத்தை நடுங்கவிடுவதாலும்) இடைவெளியாலும் ஆளை உட்கார வைத்தவர். ஆனால் அவர் எங்கே நிற்கிறார் என்று பாருங்கள்.

18 பிப்ரவரி 2023

நேற்று இரவு நான் வாசித்துக்கொண்டிருந்தபோது, வாய்ப்பாட்டு கற்கும் என் மகள் வாசற்படியில் நின்று பார்த்துவிட்டு, "அப்பா, நீங்க தம் பிடிச்சுக்கிட்டே வாசிக்கிறீங்க" என்றாள். உண்மைதான். சோலோ தொடங்கும்போது மூச்சை இழுத்துப் பிடிக்கும் நான், சோலோ முடிந்த பிறகுதான் விடுகிறேன். பாடகருக்கும் நாகஸ்வரக்காரருக்கும் சாக்ஸபோன் வாசிப்பவருக்கும் வாக்கியம் எங்கே முடிய வேண்டும் என்பதை நுரையீரலே சொல்லிவிடுகிறது. கிட்டார்காரனுக்கு அந்தக் கடிவாளம் இல்லை; பிக் பிடித்த கை வலிக்கும்வரை பேசிக்கொண்டே போகலாம்.

இன்று முதல் மூச்சை வெளியே விடும்போது மட்டும் வாசிப்பது, இழுக்கும்போது கையை நிறுத்துவது என்று வைத்திருக்கிறேன். முதல் பத்து நிமிடம் கேலிக்கூத்தாக இருந்தது. பதிவைக் கேட்டபோது மாடிப்படியின் நடுவே சில இடங்களில் திண்ணை கட்டியதுபோல் இருந்தது.

20 பிப்ரவரி 2023

நிமிடத்துக்கு 60 பீட்டில் ஒரு மூச்சு இரண்டு பாருக்கு மேல் எனக்குத் தாங்கவில்லை. அதுவே நல்ல அளவு என்று இப்போது தோன்றுகிறது.

5 மார்ச் 2023

உங்கள் கேள்வியின் இரண்டாம் பாதிக்கு இப்போதுதான் வருகிறேன். மெட்டு பிறவியில் வருவதல்ல. அது ஏற்கெனவே உங்கள் வாயில் இருக்கிறது. ட்ராக்கைப் போட்டுவிட்டுக் கிட்டாரைத் தொடாமல் வாயால் முனகுங்கள். விரலுக்குத் தெரிந்த பாக்ஸ் எதுவும் வாய்க்குத் தெரியாது என்பதால், வாய் படியேறாது. இரண்டு ஸ்வரம் பாடும், நிற்கும், தாவும். முனகியதை அப்படியே கிட்டாரில் தேடி எடுங்கள். முதலில் பாடு, பிறகு வாசி. இதுதான் எல்லாம்.

26 மார்ச் 2023

"இதுதான் எல்லாம்" என்று எழுதிய கையைக் கொஞ்சம் அடித்துக்கொள்ள வேண்டும்.

மூன்று வாரம் பாடிப் பாடி வாசித்தேன். முனகல் இனிமையாக இருந்தது, கிட்டாரிலும் வந்தது. ஆனால் ட்ராக்கின் மேல் வைத்துக் கேட்டால் ஜி கார்டு வரும் இடத்தில் மட்டும் ஒவ்வொரு சுற்றிலும் ஏதோ நெருடியது. காரணம் புரிய இரண்டு நாள் ஆயிற்று. என் வாய் எந்தக் கார்டையும் கேட்கவே இல்லை. சிறு வயதிலிருந்து சுருதிப்பெட்டியின் முன்னால் பாட்டுக் கேட்டு வளர்ந்த காது எனக்கு. அந்தக் காதுக்கு ஸட்ஜம் ஒன்றுதான், அது அசையாது. மற்ற ஸ்வரங்கள் எல்லாம் அதிலிருந்து எவ்வளவு தூரம் என்பதால் மட்டுமே அர்த்தம் பெறுகின்றன. ஆகவே ஏ மைனர் ட்ராக் ஓடினால், உள்ளுக்குள் ஆறு கட்டையில் ஒரு தம்பூரா ஓட ஆரம்பித்துவிடுகிறது. எஃப் வந்தாலும் ஜி வந்தாலும் அது தன்பாட்டுக்கு ஏ-யையே மீட்டிக்கொண்டிருக்கிறது.

இதைக் கண்டுபிடித்தது ஒரே ஒரு ஸ்வரத்தால். ட்ராக் ஓடும்போது சியை மட்டும் பிடித்துக்கொண்டு நின்றேன். ஏ மைனரில் அது மூன்றாம் ஸ்வரம். கொஞ்சம் சோகமாக இருக்கிறது. எஃப் வந்ததும் அதே சி ஐந்தாம் ஸ்வரமாகி, தூணில் சாய்ந்ததுபோல் நிம்மதியாகிறது. சி கார்டில் அது வீடு. அசைய வேண்டிய அவசியமே இல்லை. பிறகு ஜி வருகிறது. விரல் நகரவில்லை, கம்பி மாறவில்லை, சத்தத்தின் அளவுகூட மாறவில்லை. ஆனால் இவ்வளவு நேரம் வீடாக இருந்தது சட்டென்று வாடகை பாக்கி வைத்தவன் வாசலில் நிற்பதுபோல் தவிக்கத் தொடங்கிவிடுகிறது. ஒரு ஃப்ரெட் இறங்கி பியைத் தொட்ட பிறகுதான் மூச்சு வருகிறது. ஒரே ஸ்வரத்தைப் பதினாறு வினாடி பிடித்ததில், இரண்டு ஆண்டுகளாக ஐந்து பாக்ஸ்களில் ஓடியதைவிட அதிகம் கற்றேன் என்று சொன்னால் மிகையில்லை.

ஆகவே பாடுங்கள், ஆனால் முதலில் கார்டின் ரூட் ஸ்வரத்தைப் பாடுங்கள்: ஏ, எஃப், சி, ஜி என்று பேஸ் கிட்டாரோடு சேர்ந்து இறங்கி ஏறிப் பத்துச் சுற்று. ஸட்ஜத்தை நகர்த்தக் காது சம்மதித்த பிறகு மெட்டை முனகுங்கள்.

16 ஏப்ரல் 2023

புத்தாண்டன்று எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பு விழாவில் எனக்கு எட்டு பார் சோலோ கொடுத்தார்கள். இதே நான்கு கார்டு கொண்ட பாட்டு; மூன்று மாதமாக இதைத்தானே வாசிக்கிறோம் என்ற தெம்பில் போனேன். பாடவிருந்த பெண்மணி மேடையேறும் முன்னர், தனக்கு மூன்று ஃப்ரெட் மேலே வேண்டும் என்றார். ஏ மைனர் சி மைனராயிற்று. பாக்ஸை எட்டாம் ஃப்ரெட்டுக்குத் தள்ளினேன், அதில் சிரமம் இல்லை. ஆனால் என் நண்பன் பியைக் காணவில்லை.

நான் அதைக் "கார்டின் மூன்றாம் ஸ்வரம்" என்று கற்கவில்லை, "முதல் கம்பி ஏழாம் ஃப்ரெட்" என்று கற்றிருந்தேன். ஜி இருந்த இடத்தில் பி ஃப்ளாட் கார்டு வந்தபோது கை தானாக ஏழாம் ஃப்ரெட்டுக்குப் போனது. வர வேண்டியது பத்தாம் ஃப்ரெட்டில் இருக்கும் டி. அந்த ஒரு சறுக்கலுக்குப் பிறகு பயந்துபோய் பாக்ஸுக்குள் ஓடி ஒளிந்தேன். படியேறினேன், இறங்கினேன், எட்டு பார் முடிந்தது தெரியாமல் இன்னும் இறங்கிக்கொண்டிருந்தேன். அவர் சரணத்தைத் தொடங்கிவிட்டார். விழா முடிந்ததும் கீழ்வீட்டுக்காரர் கையைக் குலுக்கி, "நல்லா ஸ்பீடா வாசிச்சீங்க சார்" என்றார். அதைவிட அவர் திட்டியிருக்கலாம்.

இப்போது ஒவ்வொரு பயிற்சியையும் ஏ மைனர், சி மைனர், ஈ மைனர் என்று மூன்று இடங்களில் செய்கிறேன். எட்டு பாரையும் எண்ணுகிறேன்; பாடகர்கள் கையால் தாளம் போடுவதைக் கேலியாகப் பார்த்த காலம் எனக்கும் உண்டு.

7 மே 2023

மார்ச் மாதக் குறிப்பைப் படித்துவிட்டு, "அப்படியானால் கர்னாடக சங்கீதக் காது கிட்டாருக்குக் குறைபாடா?" என்று கேட்டிருக்கிறீர்கள். நான் எழுதியது அப்படித்தான் ஒலிக்கிறது, திருத்துகிறேன். கார்டு வேகமாக மாறும் இடத்தில் அது தடை. கார்டு மாறாமல் நிற்கும் இடத்தில் அதுவே சொத்து. 1959இல் மைல்ஸ் டேவிஸ் பதிவு செய்த மோடல் ஜாஸ் இசைத்தட்டின் முதல் உருப்படியை எடுத்துக்கொள்ளுங்கள்: முப்பத்திரண்டு பாரில் பதினாறு பார் டி டோரியன், எட்டு பார் ஈ ஃப்ளாட் டோரியன், மீண்டும் எட்டு பார் டி டோரியன். டோரியன் என்பது நம் கரகரப்பிரியாவின் ஸ்வரங்கள். பதினாறு பார் நேரம் ஒரே ஸட்ஜத்தின் மேல் என்ன சொல்வது என்று தெரியாமல் விழிப்பவர்கள் கார்டு பழகியவர்கள்தான். ஆலாபனை கேட்டு வளர்ந்தவருக்கு ஒரு ஸ்வரத்தில் நின்று, அதைச் சுற்றிவந்து, அடுத்த ஸ்வரத்தைத் தாமதமாகத் திறக்கும் பழக்கம் உண்டு. எட்டு பாருக்கு மட்டும் சுருதி அரைக் கட்டை ஏறும் இடத்தில்தான் நாம் முழிக்க வேண்டியிருக்கும்.

இன்னொன்று, கிரக பேதம் தெரிந்தவருக்கு ஸட்ஜத்தை நகர்த்துவது புதிய வித்தையே அல்ல. ஏ-யிலிருந்து பார்த்தால் சுத்த தன்யாசியாக இருக்கும் அதே ஐந்து ஸ்வரங்கள், சியிலிருந்து பார்த்தால் மோகனம். சி கார்டு வரும் நான்கு வினாடிக்கு உள்ளே மோகனம் கேட்டால் வேலை முடிந்தது. மார்ச்சில் இது எனக்குத் தோன்றவில்லை.

21 மே 2023

பெண்ட் பற்றி. மூன்றாம் கம்பி ஏழாம் ஃப்ரெட்டில் டி இருக்கிறது. கம்பியை மேலே தள்ளி ஈக்குக் கொண்டுபோவதுதான் எல்லோரும் முதலில் பழகும் பெண்ட். என் பெண்ட் எப்போதும் அழுமூஞ்சியாக இருந்தது. சுருதி காட்டும் ட்யூனரை மாட்டிப் பார்த்தபோது ஈக்கு முப்பது சென்ட் கீழேயே நின்றுவிடுவது தெரிந்தது. நூறு சென்ட் ஒரு ஃப்ரெட் என்றால், கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு குறைவு. நான் இதை உணர்ச்சி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

தீர்வு சின்னது. இரண்டாம் கம்பி ஐந்தாம் ஃப்ரெட்டில் அதே ஈ இருக்கிறது. முதலில் அதை மீட்டிக் காதில் வாங்கிக்கொண்டு, பிறகு மூன்றாம் கம்பியைத் தள்ளி அதோடு சேர வைக்க வேண்டும். சேரும் கணத்தில் இரண்டுக்கும் இடையிலான அதிர்வு வேகம் குறைந்து, குறைந்து, நின்றுவிடும். ஒற்றை விரலால் தள்ளாதீர்கள். மோதிர விரலுக்குப் பின்னால் நடுவிரலையும் ஆட்காட்டி விரலையும் துணைக்கு வைத்து, மணிக்கட்டைத் திருப்புங்கள். வீணைக்காரர்கள் ஒரே மெட்டில் (வீணையின் ஃப்ரெட்டில்) கம்பியை இழுத்து மேலே உள்ள ஸ்வரங்களைக் கொண்டுவருவதை அருகில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும்.

நான் கம்பியைப் பத்து கேஜிலிருந்து (தடிமனிலிருந்து) மெல்லிய ஒன்பதுக்கு மாற்றினேன். ஆண்மைக் குறைவு என்று சில கிட்டார்காரர்கள் நினைப்பார்கள். நினைக்கட்டும், என் ஈ இப்போது ஈயாக இருக்கிறது.

11 ஜூன் 2023

ப்ளூஸ் ட்ராக்கில் மேலே சொன்னது ஓரிடத்தில் பொருந்தவில்லை. ஏ செவன்த் கார்டின் மூன்றாம் ஸ்வரம் சி ஷார்ப். மைனர் பென்டடோனிக்கில் இருப்பது சி. நம் மொழியில் பின்னணி அந்தர காந்தாரம், சோலோ சாதாரண காந்தாரம். விதிப்படி இரண்டும் முட்ட வேண்டும், ஆனால் ப்ளூஸ்காரர்கள் சியை மிக லேசாக மேலே தள்ளி இரண்டுக்கும் நடுவில், எந்த ஃப்ரெட்டிலும் இல்லாத ஓரிடத்தில் நிறுத்துகிறார்கள். போன மாதம் சென்ட் கணக்குப் பார்த்த நான் இங்கே ட்யூனரைக் கழற்றி வைத்துவிட்டேன்.

16 ஜூலை 2023

பிறர் சோலோவை அப்படியே கேட்டு எடுப்பது நேர விரயமா என்ற கேள்விக்கு: இல்லை. ஜாஸ் கிட்டார் கலைஞர் வெஸ் மாண்ட்கோமரி இசைக் குறியீடு படிக்கத் தெரியாதவர். அவருக்கு முந்தைய ஜாஸ் கிட்டார் கலைஞர் சார்லி கிறிஸ்டியனின் இசைத்தட்டுகளைக் கேட்டே அந்தச் சோலோக்களை ஸ்வரம் பிசகாமல் வாசிக்கக் கற்றார். கிறிஸ்டியன் 1942இல் இருபத்தைந்து வயதில் இறந்துவிட்டார். அவர் விட்டுச்சென்ற பதிவுகளே வெஸ்ஸுக்குப் பள்ளிக்கூடம். அப்படிக் கற்றவர் பின்னர் பிக்கை விட்டுவிட்டுக் கட்டைவிரலால் வாசித்து, இருவரையும் யாரும் குழப்பிக்கொள்ள முடியாத ஓர் ஒலியை உண்டாக்கினார்.

எனக்கு அவ்வளவு பொறுமை இல்லை. நான்கு பாரை மட்டும் எடுக்கிறேன், டேப்ளேச்சர் (கம்பி, ஃப்ரெட் எண்களால் எழுதிய குறிப்பு) பார்க்காமல். எடுத்த பின்னர் ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் கீழே அப்போதைய கார்டை எழுதுகிறேன். இதுவரை எடுத்த பதினோரு துண்டுகளில், நீண்ட ஸ்வரம் என்று காதில் நின்றவற்றில் பெரும்பாலானவை மூன்றாம் ஸ்வரம் அல்லது ஐந்தாம் ஸ்வரம்.

மேலும், நாம் மனோதர்மம் என்று வாய்பிளக்கும் எல்லாம் ஒரே மூச்சில் வந்ததல்ல. ராக் இசைக்குழு பிங்க் ஃப்ளாய்டின் 1979 ஆல்பத்தில் அதன் கிட்டார் கலைஞர் டேவிட் கில்மோர் வாசித்த புகழ்பெற்ற சோலோ ஒன்று, பல முறை வாசித்துப் பதிந்து, நல்ல பகுதிகளைக் குறித்துக்கொண்டு, ஒன்றாகக் கோத்தது. இதைத் தெரிந்துகொண்ட நாளில் எனக்குக் கோபம் வந்தது. மறுநாள் பெரிய ஆறுதலாக இருந்தது. நானும் இப்போது ஆறு முறை பதிந்து, பிடித்த இரண்டு வாக்கியங்களை மட்டும் திரும்பக் கற்று, ஏழாம் முறை அவற்றிலிருந்து தொடங்குகிறேன்.

20 ஆகஸ்ட் 2023

ஒரு சிறு வாக்கியம் கைக்கு அகப்பட்டது. ஏ மைனரில் ஈ, டி, சி என்று மூன்று ஸ்வரம் இறங்கி நிற்கிறேன். எஃப் வந்தால் சி, பி, ஏ. சி கார்டில் ஜி, எஃப், ஈ. ஜியில் டி, சி, பி. நான்கும் ஒரே நடை, ஒரே இறக்கம். ஒவ்வொன்றும் அந்தந்தக் கார்டின் மூன்றாம் ஸ்வரத்தில் வந்து உட்காருகிறது. ஐந்தாம் சுற்றில் சலித்துவிடும். அப்போது மூன்றாவது வாக்கியத்தை மட்டும் இறக்காமல் ஏற்றினால், கேட்பவர் தலையைத் தூக்குவார். என் மகள் தூக்கினாள்.

ஜி கார்டில் சியைத் தொடவே கூடாது என்பதுபோல் முன்பு எழுதிவிட்டேன். அதுவும் மிகை. ஜி வந்த பிறகும் ஒரு பீட் சியில் வேண்டுமென்றே நின்று, கேட்பவரைக் கொஞ்சம் காக்க வைத்துவிட்டு பிக்கு இறங்கினால், நேராக பியில் விழுவதைவிட நன்றாக இருக்கிறது. கல்பனாஸ்வரத்தில் (கச்சேரியில் உடனுக்குடன் புனைந்து பாடும் ஸ்வரங்களில்) இடத்துக்கு வந்து சேராமல் போக்குக் காட்டுவதுபோல. ஆனால் தெரிந்து நிற்பதும் தெரியாமல் மாட்டிக்கொள்வதும் பதிவில் அப்பட்டமாகத் தெரிகின்றன.

24 செப்டம்பர் 2023

நேற்று ஈ மைனரில் இருபது சுற்று வாசித்துப் பதிந்து எண்ணினேன். நான்காம் கார்டான டியின் மூன்றாம் ஸ்வரம், அதாவது எஃப் ஷார்ப், பதினான்கு சுற்றில் நினைத்த பீட்டில் விழுந்தது. ஆறில் அரை பீட் தாமதம். அந்த ஆறிலும் அதற்கு முந்தைய பாரை நிறைய ஸ்வரங்களால் நிரப்பியிருக்கிறேன். தாமதம் விரலில் இருக்கிறதா, காதில் இருக்கிறதா என்று பார்க்க, இந்த வாரம் கிட்டாரை உறையில் போட்டுவிட்டு அதே இருபது சுற்றை வாயால் பாடிப் பதியப் போகிறேன். நீங்களும் உங்கள் ட்ராக்கில் எண்ணிப் பார்த்து எழுதுங்கள். பிப்ரவரியில் கேட்ட கேள்விக்குப் பின் நீங்கள் இதுவரை உங்கள் வாசிப்பின் ஓர் ஒலிப்பதிவுகூடப் போடவில்லை.